வானம் தள்ளுகிறது என்று எழுதியவர்

"இழுக்கப் போறேன் ஆண்ட்டி. கைய வயித்துமேல வச்சுக்கிட்டு சும்மா கெடங்க" என்று சொல்லிவிட்டு பானு இழுவை மிஷினின் பொத்தானை அழுத்தினாள். இடுப்பைச் சுற்றியிருந்த பெல்ட் கால்மாட்டை நோக்கி மெதுவாக இறுகியது, நெஞ்சைச் சுற்றியிருந்த பெல்ட் தலைமாட்டிலேயே பிடித்துக்கொண்டு நின்றது, நடுவில் ஜெயசீலி தன் அறுபத்தேழு வயது முதுகெலும்போடு மேலே பார்த்துக் கிடந்தாள். பதினெட்டு கிலோ. நேற்று பதினாறு. நாற்பது நொடி இழுக்கும், பத்து நொடி விடும், மறுபடி இழுக்கும், இப்படி இருபது நிமிஷம். இன்று பதினாலாவது நாள். இருபது நாள் இழுத்துப் பார்ப்போம், கேட்கவில்லை என்றால் திறந்துதான் பார்க்கணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், சாவி தொலைந்த பீரோவைச் சொல்வது போல. இடது காலின் பெருவிரலை அசைத்துப் பார்த்தாள். அசைந்தது. அசைந்ததா, அசைந்ததாக அவள் நினைத்தாளா? காலைத் தூக்கிப் பார்க்கலாம் என்றால் சும்மா கிடக்கச் சொல்லியிருக்கிறார்கள். விரல் அங்கே இருக்கிறது, தகவல்தான் வரவில்லை, தந்திக் கம்பி அறுந்த ஊர் மாதிரி. பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவருக்குத் தோள்பட்டையைத் திருப்புகிறார்கள், அவர் "ஏசுவே ஏசுவே" என்கிறார். தைல வாசனை. மேலே மின்விசிறி ஒரு பக்கமாகத் தலையாட்டிக்கொண்டு சுற்றுகிறது. "வலிக்கா ஆண்ட்டி?" "இல்லட்டி, இழுக்கு." "இழுக்கத்தான செய்யும்" என்று பானு சிரித்துவிட்டுத் திரையை மூடிவிட்டுப் போனாள். இழுக்கத்தானே செய்யும். இழுப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது ஐயா, எல்லாம் தள்ளல்தான். கடிதத்தில் எழுதியதுதான், அவளுக்குக் குரலாகவே கேட்கும். தூத்துக்குடிக் குரல், உப்பில் ஊறின மாதிரி கொஞ்சம் கரகரத்து. கயித்தான் பர்னாந்து. இந்த டிசம்பரில் அவருடைய கிறிஸ்மஸ் வாழ்த்து வரவில்லை.

வரவில்லை என்பதை அவள் ஜனவரி ஆறாம் தேதி வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. தபால்காரர் லீவில் இருக்கிறார் என்றாள், புதுப் பையன் தெருவை மாற்றிப் போட்டிருப்பான் என்றாள், பக்கத்து வீட்டு கேட்டில் போய்ப் பார்த்தாள். நாற்பது வருஷமாக ஒரு டிசம்பர் தப்பாமல் வந்தது. கல்லூரி முகவரிக்கு வந்துகொண்டிருந்தது, அவள் ஓய்வு பெற்ற பிறகு வீட்டு முகவரிக்கு. மாட்டுத்தொழுவமும் நட்சத்திரமும் போட்ட மலிவான அட்டை, உள்ளே பெரிய பெரிய எழுத்தில் வாழ்த்து, கடைசியில் எப்போதும் அதே ஒரு வரி, அதற்குக் கீழே சில வருஷங்களாக ஒரு செல் நம்பர். அந்த நம்பரை இன்று காலையில் போன வருஷத்து அட்டையிலிருந்து மருந்துக்கடை ரசீதின் பின்பக்கம் எழுதிக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் வந்தாள். ஆட்டோவில் வரும்போது இரண்டு தடவை எடுத்துப் பார்த்தாள். போட்டால் யார் எடுப்பார்கள்? மகனோ, மருமகளோ. "அவுக போயி மூணு மாசம் ஆச்சு, நீங்க யாரு?" என்று கேட்டால் நான் யார்? டைப்பிஸ்ட். இயற்பியல் துறையில் டைப் அடித்தவள். அதற்கு மேல் அவரிடம் சொல்லிக்கொள்ள அவளுக்கு உறவு எதுவும் இல்லை. இரண்டே இரண்டு தடவை நேரில் பார்த்த ஆள், அதில் ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில், அவர் இவளைப் பார்க்கவில்லை. ஆனால் செல்வின் செத்த அன்றுகூட, வீடு முழுக்க ஆட்கள், பந்தல்காரன் நாற்காலி எத்தனை என்று கேட்டுக்கொண்டிருக்கிறான், அவளுக்கு நடுவில் திடீரென்று, கயித்தானிடம் சொல்லாமலே விட்டுவிட்டோமே என்று தோன்றியது. புருஷன் பெட்டிக்குள் கிடக்கும்போது தோன்றுகிற நினைப்பா அது? பெல்ட் தளர்ந்தது. பத்து நொடி. மூச்சு. மறுபடி இழுத்தது.

பாளையங்கோட்டையில் அந்தக் கல்லூரியில் அவள் சேர்ந்தது எண்பதில், இருபத்து மூன்று வயதில். துறைக்கு ஒரு தமிழ் டைப்ரைட்டர், ஒரு இங்கிலீஷ் டைப்ரைட்டர், இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஜெயசீலி. துறைத்தலைவர் ஏசுவடியான் சார். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் தூள். வானொலியில் அவர் அறிவியல் பேச்சு பேசியதிலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்திருந்தன. எல்லாம் ஊர்ப்புறத்திலிருந்து, எல்லாருக்கும் ஒரே கேள்வி: பொருள்கள் ஏன் கீழே விழுகின்றன? கேள்விகூட இல்லை, பதில். எல்லாரும் பதிலோடுதான் எழுதினார்கள். கடம்பூரிலிருந்து ஒரு ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், மாம்பழம் கீழே விழவில்லை, பூமிதான் ஒவ்வொரு நொடியும் ஊதிப் பெரிதாகி மேலே வந்து மாம்பழத்தை முட்டுகிறது என்று பதினாறு பக்கம் எழுதியிருந்தார். நமக்கு ஏன் தெரியவில்லை என்றால் நாமும் சேர்ந்து ஊதுகிறோம், அளக்கிற அடிக்கோலும் ஊதுகிறது. அம்பாசமுத்திரத்து வைத்தியர் ஒருவர், பூமி மூச்சை உள்ளே இழுக்கிறது, வெளியே விடுகிற நாள் ஒன்று வரும், அன்றைக்கு எல்லாரும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, பூமிக்குள் காந்தம் இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம் என்று ஒரு பாலிடெக்னிக் மாணவன் தபால் அட்டையில் நாலே வரியில் முடித்துவிட்டான். சார் எல்லாவற்றையும் படித்துச் சிரிப்பார், பிறகு "பதில் போட்டுரு" என்பார். வழக்கமான பதில் ஒன்று இருந்தது. தங்கள் ஆர்வம் பாராட்டுக்குரியது, மேல்நிலை வகுப்புப் பாடநூலைப் படிக்கவும். கடிதங்களை அவள் ஒரு காக்கி ஃபைலில் கோர்த்து வைப்பாள். சார் அதற்கு வைத்த பேர் கிறுக்கு ஃபைல். அவளுக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை, ஆனாலும் அப்படித்தான் மேலே எழுதியும் வைத்தாள்.

யாரிடமும் சொன்னதில்லை, அவள் ஒவ்வொருவரையும் ஒரு நாளைக்கு நம்பினாள். காலையில் கடிதம் வந்தால் சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது அது உண்மையாகிவிடும். ஸ்டேஷன் மாஸ்டர் கடிதம் வந்த அன்று தெற்கு பஜார் வழியாக வரும்போது செருப்புக்கு அடியில் தரை மெதுவாக மேலே வந்து பாதத்தை ஏந்திக்கொள்வதைத் தெளிவாக உணர்ந்தாள், லிஃப்ட் மேலே கிளம்புகிற முதல் நொடி போல, அது முடியாமல் நீடிப்பது போல. வைத்தியர் கடிதத்தன்று சர்ச் மரத்தடியில் நின்று ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், யாராவது கேட்டால் செருப்பு வார் அறுந்துவிட்டது என்று சொல்லலாம். வீட்டுக்குப் போனால் அம்மா தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டே "என்னட்டி மூஞ்சியெல்லாம் ஒரு மாதிரியா இருக்கு" என்பாள். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லைதான். பூமி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இப்போது அப்படி ஒரு சாயங்காலம் கிடைத்தால் என்ன கொடுப்பாள்? முதுகு வலிக்காத உடம்பு என்பதற்காக இல்லை. உலகம் இன்னும் முடிவாகவில்லை, கடம்பூரிலிருந்து ஒருத்தர் எழுதி மாற்றிவிடலாம் என்று இருந்ததே, அதற்காக. பேரன் போன மாதம் செல்போனில் ஒரு படம் காட்டினான். ரப்பர் துணியை விரித்து நடுவில் ஒரு குண்டைப் போடுகிறார்கள், துணி குழிகிறது, கோலிகள் குழியைச் சுற்றி ஓடுகின்றன. "இதான் ஆச்சி கிராவிட்டி, விண்வெளியே வளையுது." அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குண்டு ஏன் துணியில் கீழே அமுங்குகிறது என்று அவள் கேட்டாள். அவன், "சும்மா உதாரணத்துக்கு ஆச்சி" என்றான்.

விரல். மறுபடி விரலை நினைத்துவிட்டாள். இப்போது முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கமாகக் குளிர்ந்த மாதிரி இருக்கிறது, யாரோ ஈரத்துணியைப் போட்டு எடுத்த மாதிரி. இது நல்லதா கெட்டதா? பானுவைக் கூப்பிடலாமா? கூப்பிட்டால் மிஷினை நிறுத்துவாள், டாக்டருக்குப் போன் பண்ணுவாள், திறந்து பார்க்கலாம் என்பார்கள். வேண்டாம். பெல்ட் இழுக்கட்டும். பதினெட்டு கிலோ என்பது ஒரு அரிசிச் சிப்பத்துக்குக் கொஞ்சம் குறைவு. கயித்தான் கடிதம் ஒரு கிலோகூட இருக்காது, பத்து கிராம், நீல நிற இன்லண்ட் லெட்டர், எண்பத்தொன்று மார்ச்சில். உள்ளே ஓரங்களில் எல்லாம் எழுதி, ஒட்டுகிற இடத்திலும் எழுதி, பிரிக்கும்போது இரண்டு வார்த்தை கிழிந்துவிட்டது. மகா கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு, தூத்துக்குடி சங்குகுளிக்கும் தொழில் கயித்தான் பர்னாந்து எழுதிக்கொண்டது. நான் எட்டாம் வகுப்பு. தாங்கள் ரேடியோவில் பூமி எல்லாவற்றையும் இழுக்கிறது என்று சொன்னீர்கள். நான் பதினேழு வருஷமாகக் கடலுக்கு அடியில் போய் வருகிறேன். அங்கே பாறையில் தட்டையாக ஒருவகைச் சிப்பி ஒட்டியிருக்கும், எவ்வளவு பலமான ஆளும் கையால் பிடுங்க முடியாது. ஆனால் கத்தி முனையை விட்டு ஒரு நூல் இடைவெளி உண்டாக்கி அடியில் தண்ணீரை விட்டால் தானே கழன்றுவிடும். பாறை அதை இழுத்து வைக்கவில்லை ஐயா. மேலே இருக்கிற கடல் தள்ளி வைத்திருக்கிறது. கீழே தண்ணீர் இல்லாததால் கீழேயிருந்து தள்ள ஆள் இல்லை. நாமும் அதுபோல் என்று நினைக்கிறேன். வானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று எல்லாப் பக்கமும் நிறைந்து நம்மைத் தள்ளுகிறது. கீழே மட்டும் பூமி மறைத்துக்கொள்கிறது. அதனால் மேலேயிருந்து வருகிற தள்ளல் ஜெயித்துவிடுகிறது. இழுப்பு என்று ஒன்று இல்லை ஐயா. தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

சார் இதற்குச் சிரிக்கவில்லை. இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எட்டாங் கிளாஸ்" என்றார், யாரிடமோ. பிறகு, "இது புதுசு இல்லம்மா. இருநூறு வருசத்துக்கு முன்ன ஜெனிவாவுல ஒருத்தர் அச்சு அசலா இதத்தான் சொன்னாரு. பெரிய பெரிய ஆளுங்கல்லாம் உக்காந்து யோசிச்சுட்டு, இது நிக்காதுன்னு தூக்கிப் போட்டாங்க. ஆனா இந்த ஆளு தண்ணிக்கடியில மூச்சப் புடிச்சுக்கிட்டு அங்க போய்ச் சேந்திருக்கான் பாரு" என்றார். அவனுக்கு மட்டும் வழக்கமான பதில் வேண்டாம், எழுதிக்கோ என்றார். அவள் சுருக்கெழுத்து நோட்டை எடுத்துக்கொண்டாள். தங்கள் கருத்து வியப்பளிக்கிறது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஜெனிவா நகரில் வாழ்ந்த அறிஞர் ஒருவர் இதே கருத்தை வெளியிட்டார். அதற்குப் பிறகு நாலு வரி, அது ஏன் தப்பு என்பதற்கு. சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அவள் டைப் அடித்தாள். வெளியிட்டார், முற்றுப்புள்ளி. அங்கே நின்றாள். அந்த நாலு வரியை அடிக்கவில்லை. ஒரு வரி இடம் விட்டு, தங்கள் உண்மையுள்ள, என்று அடித்துவிட்டாள். நாலரைக்கு சார் வந்து, பத்துக் காகிதத்தில் ஒரு காகிதமாக, படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஏன்? இந்த இடத்தில்தான் எப்போதும் மாட்டிக்கொள்கிறது. இத்தனை வருஷமாக அவள் தனக்குச் சொல்லிக்கொண்டது, இரக்கம். தண்ணீருக்கு அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசித்தவனிடம் உன் யோசனை இருநூறு வருஷத்துக்கு முன்பே செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது என்று விரல் நின்றுவிட்டது. அது நன்றாக இருக்கிறது, பிரசங்கத்தில் சொல்லலாம் போல. ஆனால் வேறொன்றும் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள், நடந்து போக நேரமில்லை, நாலே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இன்னும் மூன்று கடிதம் பாக்கி. நாலு வரி என்றால் நாலு நிமிஷம், நடுவில் கார்பன் காகிதம் சுருண்டுவிட்டால் பத்து நிமிஷம். இரக்கமா, பஸ்ஸா? இரண்டும் சேர்ந்தா? சேர்ந்திருந்தால் எது எத்தனை பங்கு? சில நாள் முழுக்க இரக்கம் என்று தோன்றும். முதுகு வலிக்கிற நாளில் முழுக்க பஸ் என்று தோன்றும். சரி, அன்றைக்கு பஸ்ஸாகவே இருக்கட்டும். திங்கட்கிழமை என்ன? செவ்வாய் என்ன? அவள் இன்னொரு தாளை எடுத்து அடித்து அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அதற்கு எந்த பஸ்ஸும் காரணமில்லை. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது தலைவகிட்டில் வானம் ஒரு உள்ளங்கையைப் போல அழுத்துவது தெரிந்தது. தோளில், புறங்கையில், மூக்கின் மேல்கூட. இதமாக இருந்தது. மற்றவர்களின் பூமி ஒரே நாளில் பழையபடி ஆகிவிடும். இவருடையது மட்டும் ஆகவில்லை. அதைத் தப்பு என்று அவளே தன் கையால் அடித்து அனுப்ப மனம் வரவில்லை, அதுதான் சங்கதி. அவருக்காகவே இல்லை. தனக்காக.

"பத்து நிமிசம் ஆச்சு ஆண்ட்டி, பாதி முடிஞ்சுட்டு" என்று திரைக்கு வெளியே பானு. சரி என்றாள். குரல் தொண்டையிலிருந்து வந்ததே தவிர நெஞ்சிலிருந்து வரவில்லை, பெல்ட் விடவில்லை. பாதி. கயித்தானிடமிருந்து மே மாதம் அடுத்த கடிதம் வந்தது, ஜூலையில் இன்னொன்று. ஐயா, ஜெனிவா ஐயாவுக்கும் எனக்கும் ஒரே யோசனை வந்தது எப்படி என்று பெருமையாக இருக்கிறது. அவரும் கடலில் முங்குகிறவரா? ஐயா, எட்டுப் பாகம், அதாவது நாற்பத்தெட்டடி ஆழத்தில் வில்தராசைக் கொண்டுபோய்ச் சங்கைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஐயா, இரவில் நிலா நேர் மேலே வரும்போது நிலாவும் கொஞ்சம் மறைக்க வேண்டுமே, அப்போது கடல் ஏறுவது அதனால்தானா? கூடவே படங்கள், பென்சிலில், பூமி ஒரு உருண்டை, சுற்றிலும் நூற்றுக்கணக்கான அம்புகள் அதை நோக்கி, ஒவ்வொரு அம்புக்கும் பொறுமையாக முனை போட்டிருந்தார். இந்தக் கடிதங்களை சாரிடம் காட்டினால் முதல் கடிதம் வெளியே வந்துவிடும். வேலை நிரந்தரம் ஆகாத வருஷம் அது. அவள் காட்டவில்லை. ஃபைலில் கோர்த்தாள். மூன்று கடிதத்துக்கு ஒரு தடவை அவளே இரண்டு வரி அடித்தாள்: தங்கள் கடிதம் கிடைத்தது, தொடர்ந்து சிந்திக்கவும். துறைத்தலைவருக்காக என்று போட்டு, கீழே கோழி கிறுக்கின மாதிரி ஒரு கையெழுத்து. மொத்தம் பதினொரு கடிதம், இரண்டு வருஷம். ஒருநாள் சாக்பீஸ் கையைக் கழுவிக்கொண்டே சார் தானாகப் பேச்செடுத்தார். "அந்தச் சங்குக்காரன் அப்புறம் எழுதினானா?" இல்லை சார் என்றாள். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது, இழுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். சார் கையைத் துடைத்துக்கொண்டு, "நம்மகிட்டயும் பதில் ஒன்னும் பெருசா இல்லம்மா. எவ்வளவுன்னு கணக்காச் சொல்லுவோம். ஏன்னு கேட்டா நானும் ஜன்னலத்தான் பாக்கணும்" என்றார். ஜன்னலையே பார்த்தார். வெளியே வேப்பம்பழம் விழுந்துகொண்டிருந்தது. அதையாவது கயித்தானுக்கு எழுதியிருக்கலாம். அதையும் எழுதவில்லை.

எண்பத்து மூன்று ஜூன். சார் ஏப்ரலிலேயே ஓய்வு பெற்று நாகர்கோவிலுக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். காலை பத்தரை இருக்கும். வாசலில் ஒரு ஆள், நாற்பது வயது, வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, கண்கள் இரண்டும் ரத்தமாகச் சிவந்து, கையில் தினத்தாளில் சுற்றிய பொட்டலம். பொட்டலம் அறைக்குள் வருவதற்கு முன் வாசனை வந்துவிட்டது, சீலாக் கருவாடு. "சாரப் பாக்கணும். நான் தூத்துக்குடி கயித்தான்." ஜெயசீலி எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தாள் என்று தெரியவில்லை. சார் ரிட்டையர் ஆகிவிட்டார்கள் என்றதும் அவர் அப்படியே நின்றார், ஒரு நிமிஷம் மூச்சே விடவில்லை, மூச்சை அடக்குவது அவருக்குப் பழக்கம்தானே. பிறகு, "அப்ப உங்ககிட்டச் சொல்லுதேன், நீங்க சார்கிட்டச் சொல்லிருங்க" என்றார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "நான் எழுதுனது தப்பு." வேட்டியை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டார். "போன மாசம் வள்ளத்துல வந்துக்கிட்டிருக்கும்போது கைய தண்ணியில விட்டுக்கிட்டே வந்தேன். சின்னப் புள்ளையிலிருந்து விடுததுதான். கை பின்னால பின்னால போவுது. அப்பத்தான் சுள்ளுன்னு ஒரைச்சிச்சு. பூமி ஓடுதுல்லா? ஓடுததுக்கு முன்பக்கம் அடி கூட விழணும்லா? வானம் கடல் மாதிரின்னா, ஓடுத பூமிய அது பின்னால தள்ளணும். இம்புட்டு காலத்துல பூமி களைச்சுப்போயி நின்னிருக்கும். நிக்கலயே. அப்ப வானத்துல அப்பிடி ஒன்னு இல்ல." சார் அன்று சொன்ன நாலு வரியில் ஒரு வரி அது, வார்த்தைக்கு வார்த்தை. இரண்டாம் தடவையாக இந்த மனுஷன் தானாகவே போய்ச் சேர்ந்திருக்கிறார். சொல்லேன், இப்போது சொல்லேன் என்று உள்ளே ஒருத்தி கத்தினாள். அவரோ தலையைக் குனிந்துகொண்டு, "சாரு என்னைய நம்புனாவ. படிச்ச மனுசர், ஒரு எட்டாங்கிளாஸ்காரன மதிச்சு ரெண்டு வருசமாத் தொடர்ந்து யோசின்னு எழுதுனாவ. நாலு பேர்கிட்டச் சொல்லியும் இருப்பாவ. நான் அவுகள ஏமாத்திப்புட்டேன். மன்னிச்சிரச் சொல்லுங்கம்மா" என்றார்.

சொல்லுதேன், என்றாள் ஜெயசீலி. அந்த ஒரு வார்த்தை. சொல்லுதேன். அவர் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார், சாருக்கு என்று, பிறகு யோசித்து, நாகர்கோவிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் வீணாகிவிடும், நீங்களே வச்சுக்கிடுங்க என்றார். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்று போய்விட்டார். வராந்தாவில் அவர் நடந்து போவதைப் பார்த்தாள், நிலத்தில் நடப்பது பிடிக்காத நடை, ஒவ்வொரு காலையும் எடை பார்த்து வைப்பது போல. கருவாட்டை அம்மா அன்றைக்கே கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். "எங்கட்டி வாங்குன, இம்புட்டு நல்ல சரக்கு?" அவளும் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டாள். ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது, அதுதான் வெட்கம். அந்த டிசம்பரில் முதல் அட்டை. பிரியமுள்ள டைப்பிஸ்ட் அம்மாவுக்கு. கடைசியில் அந்த ஒரு வரி: சாருக்கு என் மன்னிப்பைச் சொல்லவும். அடுத்த டிசம்பரும். அதற்கு அடுத்ததும். தொண்ணூற்று ஒன்றில் சார் இறந்துபோனார், நாகர்கோவிலில், தூக்கத்தில். அந்த டிசம்பரும் சாருக்கு என் மன்னிப்பைச் சொல்லவும். செத்துப்போன மனுஷரிடம், அவர் அறியாத ஒரு குற்றத்துக்கு, குற்றமே செய்யாத ஒருத்தர் நாற்பது வருஷமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நடுவில் இவள் உட்கார்ந்து வாங்கி வாங்கி டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த வருஷம் வரவில்லை. வராததில் ஒரு சின்ன நிம்மதிகூட முதலில் எட்டிப் பார்த்ததே, அதை எந்த பெஞ்சில் போய் முழங்கால் போட்டுச் சொல்வது? அவர் போய்விட்டார் என்றால் இனி யாரும் கேட்க மாட்டார்கள். அவ்வளவு லேசாகிவிடலாம். லேசு. இடது கால் மாதிரி லேசு, இருப்பதே தெரியாத லேசு.

பீப் என்று சத்தம் வந்தது. பெல்ட் முழுசாகத் தளர்ந்தது. பானு வந்து கட்டுகளை அவிழ்த்தாள். "மெதுவா ஒருக்களிச்சு, அப்பிடியே குப்புற. ஒத்தடம் வச்சிருதேன்." சுடுபை முதுகில் வந்து உட்கார்ந்ததும் உடம்பு முழுக்க ஒரு பெருமூச்சாக இளகியது. "பானு, அந்தக் கைப்பையில ரசீது ஒன்னு இருக்கும். பின்னால ஒரு நம்பர். போட்டுக் குடு." பானு போட்டுக் காதருகில் தலையணையில் வைத்தாள். ஸ்பீக்கரில் மணி அடித்தது. ஆறு, ஏழு. வைத்துவிடலாம் என்று கை போனபோது ஒரு பெண் குரல். "யாரு?" பின்னால் டிவி நாடகம் ஓடிக்கொண்டிருந்தது.

"கயித்தான் பர்னாந்து வீடா?"

"கயித்தானா?" அந்தப் பெண் ஒரு கணம் யோசித்தாள். "ஓ, ஜெனிவா மாமாவக் கேக்கியளா? ஊருக்குள்ள ஜெனிவான்னாத்தான் எங்களுக்கே தெரியும். இருக்காவ. கண்ணுதான் ரெண்டும் தெரியல, அக்டோபர்லேருந்து. நீங்க யாரு?"

ஜெயசீலி தலையணையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இருக்கிறார். "பாளையங்கோட்டை. காலேஜ் டைப்பிஸ்ட்னு சொல்லுங்க."

செருப்புச் சத்தம், கதவு, "மாமா, உங்க டைப்பிஸ்ட் அம்மாவாம்" என்று உரத்த குரல், போன் கைமாறுகிற சரசரப்பு. "யம்மா" என்றது அந்தக் கரகரத்த குரல், நாற்பது வருஷம் இன்னும் கொஞ்சம் உப்பு போட்டிருந்தது. "அட்ட போடலன்னு நெனச்சியளா? எழுத முடியலம்மா. இவளுக்குத் தமிழ் எழுத வரும், ஆனா இதெல்லாம் இன்னொருத்தர்கிட்டச் சொல்லி எழுதுத விசயமா? சாரு எப்பிடி இருக்காவ?"

"சாரு போயி முப்பத்திமூணு வருசம் ஆச்சு" என்றாள். நிறுத்தினால் நின்றுவிடும் என்று தெரிந்து நிறுத்தாமல், "அவுகள நீங்க ஏமாத்தல. உங்க மொதக் கடுதாசியப் படிச்ச அன்னைக்கே இது தப்புன்னு சாருக்குத் தெரியும். ஏன் தப்புன்னு நாலு வரி சொன்னாவ, உங்களுக்கு எழுதச் சொல்லி. நான்தான் அடிக்கல. பின்னால வந்த காயிதமெல்லாம் சாரு எழுதல, நான் அடிச்சது" என்றாள்.

அந்தப் பக்கம் மூச்சே கேட்கவில்லை. அவள் எண்ணினாள். இருபது, முப்பது. டிவியில் யாரோ அழுதார்கள். இத்தனை வயதிலும் இவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடியுமா?

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"சொல்லியிருக்கலாம்."

"வீட்டுக்கு வந்து உக்காந்துருந்தேனே. எதுக்கவே உக்காந்துருந்தேனே. அப்பவாவது."

"ஆமா." காலேஜ், வீடு இல்லை, என்று திருத்தத் தோன்றவில்லை. முதுகில் சுடுபை சுட்டது. அசையாமல் கிடந்தாள். வைத்துவிடுவார் என்று காத்திருந்தாள், வைத்தால் அது நியாயம். அவர் வைக்கவில்லை. இருமினார். பிறகு குரல் வேறு மாதிரி வந்தது, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தவர் குரல் போல. "நாலு வரின்னியளே. பூமி களைச்சுப் போவும்ங்கிறது ஒரு வரியா இருக்கணும். அது நான் சொன்னது. மிச்சம் என்ன?"

"சூடு" என்றாள். "அம்புட்டு அடி ஓயாம விழுந்தா பூமி சூடாகி வெந்தே போயிருக்கும்ன்னு சொன்னாவ. ஆணிய சுத்தியல்ல அடிச்சா ஆணி சுடும்லா, அது மாதிரி."

"சுடும்" என்றார் கயித்தான். "சுடத்தான் செய்யும். தண்ணிக்குள்ளயே கெடந்தவனுக்கு சூடு எங்க தோணும்? அது எனக்குத் தோணவே இல்ல பாத்தியளா." அந்தக் குரலில் கோபம் இன்னும் இருந்தது, போகவில்லை, ஆனால் அதைத் தாண்டி ஏதோ ஒன்று விழித்துக்கொண்டிருந்தது. "சாரு சொன்னது அப்பிடியே ஞாபகம் இருக்கா? அவுக வார்த்தையாவே?"

"இருக்கு."

"ஏட்டி, பேனா எடு" என்று அவர் திரும்பிக் கத்தினார். தேடுகிற சத்தம். இது எழுதலை மாமா, இருங்க, பிள்ளை பையில பாக்கேன். பானு திரையை விலக்கி, அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று சைகை காட்டினாள். ஜெயசீலி குப்புறக் கிடந்தபடியே கையைத் தூக்கி, பொறு என்றாள். நாலு வரியும் சுருக்கெழுத்தின் கோடும் வளைவுமாக, பென்சிலில் எழுதிய அன்றைக்கு இருந்தது போலவே கண்ணுக்குள் இருந்தன. "சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண்.

"ஆயினும்" என்றாள் ஜெயசீலி.

"ஆயினும்" என்று எழுதிக்கொண்டே அவள் திருப்பிச் சொன்னாள்.

"இக்கருத்து தவறென்று பின்னர் நிறுவப்பட்டது. அத்துகள்கள் ஓயாது வந்து மோதுமாயின்..."

"மெதுவாச் சொல்லச் சொல்லு" என்றது பின்னாலிருந்து அவர் குரல். "நீயும் ஒரு எழுத்து விடாம எழுது."